நரக்கியா மரமும் செல்லுக்குள் ஒரு விபத்தும்

நம்ம தாமிரபரணி பிறக்கிற பொதிகை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கிறது. அதே மலைத்தொடரில் மகாராஷ்டிரா வரைக்கும் வளர்கிற ஒரு சின்ன மரத்துக்கு மராத்தியில் நரக்கியா என்று பெயர். அவ்வளவு நாற்றம்!

1966-ல் அமெரிக்காவில் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் (இவர் நம்ம நாட்டுக்காரர்) ஒரு சீன மரத்திலிருந்து காம்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். புற்றுநோய்க்கு மருந்தாகலாம் என்று நம்பிக்கை. 1972-ல் சென்னை மாநிலக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் என். விஸ்வநாதனோடு சேர்ந்து அதே பொருளை நரக்கியாவில் கண்டுபிடித்தார். சீன மரத்தைவிட இதில் அதிகம்.

ஆனால் நேரம் சரியில்லை. அந்தச் சமயம்தான் சோதனையில் இருந்த நோயாளிகளுக்கு சிறுநீர்ப்பை புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, மருந்து மூலைக்குப் போனது. அது எப்படி வேலை செய்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

விடை 1985-ல் கிடைத்தது. திரித்த கயிற்றின் இரண்டு புரியையும் ஒரு முனையில் பிரித்து இழுத்துப் பாருங்கள், மறுபக்கம் முறுக்கு ஏறும். டிஎன்ஏவை நகலெடுக்கும்போதும் இதே தொல்லைதான். டோபோஐசோமரேஸ் என்ற என்சைம் ஒரு இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். காம்டோதெசின் அதை ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த வெட்டு மட்டும் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. வேகமாக வருகிற நகல் இயந்திரம் அதில் மோதும்போதுதான் டிஎன்ஏ முழுசாக அறுந்துபோகிறது.

நகலெடுப்பு நின்றால் வெறும் ஒற்றை இழை வெளியே தெரியும். ஏடிஆர் என்ற புரதம் அங்கே வந்து உட்கார்ந்து, செக்1 என்ற இன்னொரு புரதத்தை உசுப்பிவிடும். உடனே செல் பிரிவது நிறுத்தப்படும், புது இடத்தில் நகலெடுப்பு தொடங்காது, பழுது பார்ப்பு ஆரம்பம். சேதம் மிஞ்சினால் செல் செத்துவிடும். ஓயாமல் பிரிகிற புற்றுநோய் செல்லுக்கு மோதலும் அதிகம். எலும்பு மஜ்ஜையும் ஓயாமல் பிரிவதுதானே, பழைய நோயாளிகளின் ரத்த அணுக்கள் குறைந்தது இதனால்தான்.

இது புரிந்தபிறகு மருந்தை மாற்றியமைத்தார்கள். டோபோடீகான், இரினோடீகான் இரண்டுக்கும் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் நரக்கியாவுக்குக் கெட்ட காலம், லாரி லாரியாக வெட்டினார்கள்.

சரி, மரம் மட்டும் தன் விஷத்தில் எப்படிப் பிழைக்கிறது? 2008-ல் ஜப்பானியர்கள் அந்தச் சீன மரத்தைச் சோதித்தார்கள். அதன் டோபோஐசோமரேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. மருந்துக்கு மசியாமல் போன ஒரு மனித ரத்தப் புற்றுநோய் செல்லிலும் அதே இடத்தில் அதே மாற்றம்!