கால் வீக்கமும் ஒரு கரண்டியும்



முந்தாநாள் டாக்டர் என் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் பதிந்தது போலக் குழி நின்றது. எடை பார்த்தார், சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். "கால் வீக்கத்துக்குச் சிறுநீர் எதற்கு?" என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்து படித்தேன். அதன் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

உடம்பில் நீர் கோத்து வீங்குவதையே ஒரு காலத்தில் தனி நோயாக நினைத்தார்கள். ஐரோப்பாவில் அதற்கு டிராப்சி என்று பெயர். 1775இல் இங்கிலாந்தில் ஒரு மூதாட்டி இரகசியமாக வைத்திருந்த மூலிகை மருந்தைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் கருத்துக் கேட்டார்கள். பல மூலிகைகள் சேர்ந்த அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் செடிதான் என்று அவர் கண்டுகொண்டார். பத்தாண்டு அனுபவத்தை 1785இல் நூலாக்கினார். பலிக்காதவற்றையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் சிலருக்கு வீக்கம் வடிந்தது, சிலருக்கு வடியவில்லை. ஏன்?

லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். சிலருடையது முட்டை வெள்ளைக்கரு வேகுவது போல வெளுத்துத் திரண்டது. அது புரதம். அப்படிப்பட்டவர்கள் இறந்த பின் ஆராய்ந்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. இதை 1827இல் வெளியிட்டார்.

காரணத்தை 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். இரத்தத்திலுள்ள புரதம் நீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. அது குறைந்தால் நீர் கசிந்து சதையில் தங்கும். இதயம் தளர்ந்து குழாயில் அழுத்தம் கூடினாலும் அப்படித்தான். ஆக, வீக்கம் நோயின் அடையாளம். நோய் வேறெங்கோ இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் அக்காவின் கால் வீங்கியபோது, "நாளெல்லாம் அடுப்படியில் நின்றால் வீங்காதா" என்று சொல்லிவிட்டேன். இதயம் பலவீனமானது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. வகுப்பில் "ஏன் என்று கேளுங்கள்" என்று உங்களிடம் ஓயாமல் சொன்ன நான் அன்று கேட்கவில்லை.

வீட்டுப் பெரியவர்களின் கால் வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அழைத்துப் போங்கள்.

என் பரிசோதனை முடிவு நாளை வரும். வந்ததும் எழுதுகிறேன்.