அட்டையில் ஏறிய நாய்க்குட்டி

குற்றாலத்து ஐந்தருவியில் தண்ணீர் மிதமிஞ்சிக் கொட்டும் நாளில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கடைகளுக்கு யோகம். எவ்வளவு நேரம்தான் பாறையையும் பழுப்புத் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு நிற்பது? கூட்டம் கடைப்பக்கம் திரும்பும். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், மலைத்தேன் என்று சொல்லி விற்கும் தேன், பிள்ளைகள் கைநீட்டும் பொம்மைகள். அந்தப் பொம்மை வரிசையில் நாய்க்குட்டி இல்லாத கடை அபூர்வம். பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும் புசுபுசு நாய், சாவிக்கொத்தில் தொங்கும் ரப்பர் நாய், காபிக் கோப்பையில் அச்சாகியிருக்கும் நாய், வண்டியின் முன்கண்ணாடி ஓரம் வைத்தால் தலையாட்டும் நாய்.

எல்லாம் வெளிநாட்டுச் சாதி. பொமரேனியன், பக், காதைத் தொங்கப்போட்ட ஸ்பானியல். தென்காசியைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் ராஜபாளையம் இருக்கிறது, சிப்பிப்பாறை இருக்கிறது. இரண்டும் ஊர்ப்பெயர், இரண்டும் நாயின் பெயர். அந்த நாய்கள் வாழ்த்து அட்டையிலோ கோப்பையிலோ ஏறவில்லை. எங்கிருந்தோ வந்த சடைநாய் ஏறியது. அது வந்த வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நாயைப் படமாக்குவது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். சண்டையில் விழுந்த வீரனைச் செதுக்கி, பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. நாயின் பெயர் கோவிவன், கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பெயரும் உண்டு, செய்த காரியமும் உண்டு. சிவன் கோயில்களின் வடகிழக்கு மூலையில் பைரவருக்குப் பின்னால் நிற்கும் நாயும் சும்மா நிற்கவில்லை. அது வாகனம், காவல். ஆக, நம் ஊரில் ஒரு நாய் படத்துக்குள் போக வேண்டுமானால் ஏதாவது வேலை செய்திருக்க வேண்டும். அட்டை நாய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதற்குப் பெயரும் கிடையாது.

பொமரேனியனுடைய முன்னோரும் வேலைக்காரர்கள்தான். பால்டிக் கடலோரம், இன்றைய ஜெர்மனியும் போலந்தும் சேரும் பகுதிதான் பொமரேனியா. வடக்கே பனியில் வண்டி இழுத்த ஸ்பிட்ஸ் வகை நாய்களின் வழிவந்தது இது. 1777இல் கெயின்ஸ்பரோ என்ற ஆங்கில ஓவியர் தாயும் குட்டியுமாக இரண்டு பொமரேனியன்களைத் தீட்டினார். அந்தப் படத்தில் இருப்பது மடியில் வைக்க முடியாத பெரிய நாய். சிறிதானது பிற்பாடு. 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குப் போய், மார்க்கோ என்ற சிறிய பொமரேனியனோடு திரும்பினார். எடை ஐந்தரைக் கிலோ அளவு. மகாராணியிடம் இருப்பது எல்லோருக்கும் வேண்டுமே! வளர்ப்பவர்கள் சிறிய குட்டிகளாகப் பார்த்துப் பார்த்து இனம் சேர்த்தார்கள். மகாராணியின் ஆயுளுக்குள்ளேயே அந்த இனத்தின் உருவம் பாதியாகிவிட்டது என்பார்கள். 1901இல் அவர் உயிர் பிரிந்தபோது படுக்கையில் டூரி என்ற பொமரேனியன் கிடந்தது. இன்று அந்த இனத்தின் எடை இரண்டு, மூன்று கிலோ. வண்டி இழுத்த பரம்பரை கைப்பைக்குள் அடங்கியது இப்படித்தான்.

மடிக்கு வந்த நாயைக் கேமரா முன் உட்கார வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹாரி விட்டியர் ஃப்ரீஸ். 1879இல் பிறந்தவர். ஒரு பிறந்தநாள் விருந்தில் காகிதத் தொப்பி வீட்டுப் பூனையின் தலையில் விழ, அதைப் படமெடுத்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. 1906 வாக்கில் அது அஞ்சலட்டையானது. அதன்பின் வாழ்க்கை முழுக்க இதே தொழில். சட்டை போட்ட நாய்க்குட்டி, சமையல் செய்யும் பூனைக்குட்டி, பள்ளிக்கூடம் போகும் முயல். குட்டிகளை அக்கம்பக்கத்தாரிடமும் பிராணி வளர்ப்பவர்களிடமும் இரவல் வாங்குவார். துணிக்குப் பொத்தான் வைக்காமல் ஊசி குத்திப் பிடிப்பார்கள், சட்டென்று மாட்டிச் சட்டென்று கழற்ற வேண்டுமே. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் குட்டி அசையாதிருக்க வேண்டும். கேட்க எளிது, எட்டு வாரக் குட்டியிடம் எதிர்பார்த்துப் பாருங்கள். எடுத்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கு குப்பைக்குப் போனது. வருடத்தில் மூன்று மாதம்தான் இந்த வேலை செய்ய அவருடைய நரம்பு தாங்கியது. முயலுக்கு உடை மாட்டுவது எளிது, ஆனால் அதற்கு நடிக்க வராது. நாய்க்குட்டியைப் புரிந்துகொண்டால் சொன்னபடி கேட்கும். பன்றிக்குட்டிதான் படுத்தி எடுக்கும் என்பது அவர் அனுபவம். அன்பும் பொறுமையும் மட்டுமே தன் கருவி என்று சொல்லிவந்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு அது முழுதாக நம்பக் கூடியதாய்த் தெரியவில்லை.

குட்டி என்றால் எந்த வயதுக் குட்டி? 2018இல் வந்த ஓர் ஆய்வில், பல வயதுகளில் எடுத்த நாய்ப் படங்களை மாணவர்களிடம் காட்டி, எது மனதை இழுக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஆறு முதல் எட்டு வார வயதில்தான் ஈர்ப்பு உச்சம். தாய் பால் மறக்கடிக்கும் வயது அது. தெருவில் திரியும் நாய்க்கூட்டத்தில் அந்த வயதில்தான் குட்டிகள் தனித்து விடப்படுகின்றன. யாராவது தூக்கிக்கொண்டால்தான் பிழைக்கும். அச்சுத் தொழிலுக்கு இந்த ஆய்வு எதையும் புதிதாகச் சொல்லித் தந்துவிடவில்லை. வாழ்த்து அட்டை நாய்கள் நூறு வருடமாக அந்த வயதைத் தாண்டியதே இல்லை. பொமரேனியனிடமும் பக்கிடமும் இருக்கும் வசதி, அவை வளர்ந்த பின்பும் முகம் குட்டி முகமாகவே இருப்பது. பெரிய தலை, உருண்டைக் கண், குட்டை மூக்கு. நம் வேட்டை நாய்களின் முகம் நான்கு மாதத்தில் நீண்டுவிடும்.

அச்சேறிய வெளிநாட்டு நாயைத் தமிழ் வீடுகள் முதலில் பார்த்தது கிராமபோன் தட்டில்தான் என்று நினைக்கிறேன். நிப்பர் என்ற டெரியர் வகை நாய், பிரான்சிஸ் பாரட் என்ற ஓவியரின் வீட்டில் வளர்ந்தது. 1895இல் அது செத்த பிறகு நினைவிலிருந்து அவர் தீட்டிய படத்தை 1899இல் கிராமபோன் கம்பெனி நூறு பவுனுக்கு வாங்கியது. ஐம்பது படத்துக்கு, ஐம்பது உரிமைக்கு. குழலுக்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய் கல்கத்தா வழியாக மதராசுக்கும், அங்கிருந்து தட்டு சுழன்ற இடமெல்லாமும் போயிற்று. அதற்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கேட்பது.

வேலையே இல்லாத நாயை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை பலருக்குத் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சகங்கள் காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் வளர்ந்தன. பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் முருகனையும் லட்சுமியையும் தீட்டித் தந்தார்கள். சாமி படம் வேண்டாத வாடிக்கையாளருக்கு? மதம் பார்க்காமல் எந்தக் கடையிலும் மாட்டக்கூடிய படம் வேண்டும். குழந்தை, பூங்கொத்து, பனிமலை, நாய்க்குட்டி. வெளிநாட்டுப் படங்கள் முன்மாதிரியாயின. பிற்பாடு படங்களையே மொத்தமாகக் குறுந்தகட்டில் விற்கும் காலமும் வந்தது. எங்கோ ஒரு ஸ்டூடியோவில், கேமராவுக்குப் பின்னால் யாரோ ஊதிய ஊதலைக் கேட்டுக் காதை நிமிர்த்திய குட்டி, ஒரு ஜவுளிக்கடையின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு நம் வீட்டுச் சுவரில் தொங்கியது.

அச்சுக்காரருக்கு வெள்ளை நாய்க்குட்டியிடம் இன்னொரு சௌகரியம் உண்டு. வெள்ளைக்கு மை கிடையாது. நான்கு வண்ண அச்சில் ரோமத்தின் வெண்மை என்பது காகிதத்தின் வெண்மைதான். நிழல் விழும் இடத்தில் கொஞ்சம் சாம்பல் புள்ளி, மூக்குக்கும் கண்ணுக்கும் கறுப்பு, பின்னணிக்கு அடர் சிவப்போ நீலமோ. முடிந்தது. அதன்மேல் ஜிகினாத் தூள் ஒட்டினால் அட்டைக்குக் கூடுதல் காசு.

அப்போதெல்லாம் மார்கழி பிறந்ததும் பிளாட்பாரத்தில் கயிறு கட்டி அட்டைகள் தொங்கும். எம்ஜிஆர், சிவாஜி, பிறகு ரஜினி, கமல், கரும்பும் பானையும், அவற்றுக்கு நடுவில் கூடைக்குள் இரண்டு நாய்க்குட்டிகள். பொங்கலுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. மாட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கிய நாம் நாய்க்கு ஒதுக்கவில்லை. நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைக்கும் நாள் உண்டு. இங்கே அதற்குக் கிடைத்தது அட்டைதான். யாருக்கு எந்தப் படம் என்பதில் ஒரு கணக்கும் இருந்தது. பெரியவர்களுக்குச் சாமி, நண்பனுக்கு நடிகர், தங்கைக்கும் சிநேகிதிக்கும் நாய்க்குட்டி. உறையை ஒட்டாமல் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால்தலைச் செலவும் குறையும். எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுத நேரமில்லாதவர்களுக்கும் அட்டை கைகொடுத்தது. ஐந்தருவி சாலையில்தான் ரசிகமணி டி.கே.சி.யின் நினைவிடம் இருக்கிறது. கடிதத்தையே ஒரு கலையாக்கிய மனிதர். சின்ன விஷயத்தையும் பக்கம் பக்கமாக ரசித்து எழுதியவர் இந்த நாய்க்குட்டி அட்டையை என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கச் சுவாரசியமாக இருக்கிறது.

சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். அதே ஆடியில்தான் குற்றாலத்தில் சாரல். அச்சான சரக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, ராஜபாளையம் தாண்டி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி சேரும். அப்படி வரும் பொமரேனியன் படம் ராஜபாளையத்துக்குள் நுழைந்துதான் குற்றாலம் வரும்.

அந்த ஊர் நாயும் வெள்ளைதான். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால், சாட்டை வால். வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வைத்திருந்தார்கள். வீட்டு ஆளைத் தவிர வேறு கை தொட்டால் பிடிக்காது. வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்து வளர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. மனிதர்களின் ஆசை இங்கேயும் நாயின் உடம்பில்தான் விடிந்திருக்கிறது. எண்ணிக்கை அருகிப்போய், சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கு ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்த வேண்டிய நிலை வந்தது. இந்த வெள்ளைக்கும் அச்சு மை செலவு குறைவுதான். ஆனால் இந்த நாயைக் கூடைக்குள் உட்கார வைத்தால், பார்ப்பவருக்கு 'ஐயோ பாவம்' என்று தோன்றாது. வாழ்த்து அட்டை விற்பது அந்த 'ஐயோ பாவ'த்தைத்தான்.

படம் பரவிய பின்னால்தான் நாய் வந்தது என்பது என் கணிப்பு. எண்பதுகளில், தொண்ணூறுகளில் நம் நடுத்தர வீடுகளில் பொமரேனியன் என்று வளர்ந்தது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வெயிலுக்குப் பழகிய அதன் உறவுக்காரன். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் கிரிக்கெட்டுக்கு நடுவராக நின்ற டஃப்பியும் அதே சாதி. அட்டையில் பார்த்த முகம், திரையில் பார்த்த முகம், பிறகு எதிர்வீட்டுக் கேட்டுக்குள் குரைக்கும் முகம். 2003இல் ஹட்ச் விளம்பரம் வந்தது. சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்னாலேயே போகும். அது கோவாவில் எடுத்த படம், நாயின் பெயர் சீக்கா. விற்கப்பட்டது செல்போன் இணைப்பு. ஆனால் ஜனங்கள் நாயையும் சேர்த்து வாங்கினார்கள். மூக்கு அமுங்கிய பக்குக்கு மூச்சு விடுவதே பாடு, நம் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். முகத்தை அழகாக்கிய அதே அமுக்கல்தான் மூச்சுக்குழலையும் நெரிக்கிறது. விளம்பரத்தில் அதன் மூச்சிரைப்பு யார் காதிலும் விழவில்லை.

அந்த செல்போன்தான் அட்டையையும் முடித்துவைத்தது. 2005 ஜனவரி 9ஆம் தேதி, பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டுநாய், ராம்பூர், முதோல், நான்காவதாக ராஜபாளையம். உள்ளே பொமரேனியன் அட்டை, வெளியே ராஜபாளையம் தலை என்று ஒரே உறையில் இரண்டும் பயணம் போயிருக்கலாம். ஆனால் எத்தனை பேர் அட்டை அனுப்பினார்கள்? குறுஞ்செய்தி வந்துவிட்டது. தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சு. தியடோர் பாஸ்கரன்தான் நாட்டு நாய்களைப் பற்றி விடாமல் எழுதிவருபவர். இந்திய நாய்கள் பற்றிய அவருடைய ஆங்கிலப் புத்தகம் 2017இல் வந்தது. தபாலும் நாயும் ஒரே மனிதரிடம் இப்படிச் சேர்ந்தது தற்செயல்தான்.

அட்டை போனாலும் நாய்க்குட்டி போகவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பூ என்ற பொமரேனியன், 2009இல் பேஸ்புக்கில் ஏறி, 2011இல் புத்தகமாகி, பிறகு பஞ்சு பொம்மையாகி, 2019 ஜனவரியில் செத்தது. இந்தப் பரம்பரையில் பெயரோடு பிரபலமான சிலவற்றில் அதுவும் ஒன்று. கரடிபோல் உருண்டையாக முடி வெட்டிய அதன் முகம் உலகப் பொம்மைச் சந்தைக்கு அச்சாகிவிட்டது. நம் ஊர்க் கடைகளுக்கு வந்த பொம்மைகளில் பெரும்பகுதி சீனத்துச் சரக்காக இருந்தது. 2020இல் பொம்மைக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2021 தொடக்கத்திலிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அதன் பிறகு உள்நாட்டுத் தையல் கூடியது. தைக்கும் ஊர் மாறியது, தைக்கப்படும் முகம் மாறவில்லை.

ஐந்தருவிக் கடையில் பேரம் படிந்து, பஸ்ஸில் மடியில் ஏறி, வீடு போய்ச் சேரும் பொம்மை நாய்க்கு ஷோகேஸில் இடம் கிடைக்கும். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் பிள்ளை கை வைக்கும்போதே, பிரித்தால் அழுக்காகிவிடும் என்று அம்மா அதட்டுவாள்.