ஆங்கில வினையடைகளின் ஒப்பீட்டு வடிவம்: ஒரு வரலாற்று நோக்கு

'ஹார்டர்', 'ஃபாஸ்டர்' போன்ற வடிவங்களை வினையடை பெயரடையிடமிருந்து இரவல் பெற்றதாகக் கருதுவோர் உளர். மொழி வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில், ஒப்பீட்டுப் பொருளில் பெயரடை 'ரா' விகுதியையும் வினையடை 'ஓர்' விகுதியையும் ஏற்றன. இடைக்கால ஆங்கிலத்தில் அழுத்தமற்ற ஈற்றுயிர்கள் மழுங்க, இரண்டும் 'எர்' என ஒன்றாயின. ஆகவே 'ஹார்டர்' வினையடையின் சொந்த உடைமையே. ஒலித்தேய்வு அதன் தனி அடையாளத்தை மட்டுமே அழித்தது. 'லி' ஈற்று வினையடைகளோ காலப்போக்கில் 'மோர்', 'மோஸ்ட்' என்னும் தனிச்சொற்களைத் துணைக்கொண்டன.

சில வடிவங்கள் தம் மூலத்தையே மறந்தன. 'ராதர்' என்பது 'விரைவாக' எனப் பொருள்பட்ட பழஞ்சொல்லின் ஒப்பீட்டு வடிவம். 'இன்னும் விரைவாக', 'முன்னதாக' என நின்று, பின் விருப்பத்தைச் சுட்டலாயிற்று. 'நியர்' இதனினும் சுவையானது. 'நை' என்பதன் ஒப்பீடு அது. உச்ச வடிவம் 'நெக்ஸ்ட்'. ஸ்காண்டிநேவியச் சொல்லொன்றின் தாக்கமும் சேர, 'நியர்' இயல்பு வடிவமாகவே கொள்ளப்பட்டது. அதன்மேல் மீண்டும் விகுதி ஏறி 'நியரர்' பிறந்தது.

இரட்டை ஒப்பீட்டைப் பிழையென இராபர்ட் லோத் 1762இல் தம் இலக்கண நூலில் விலக்கினார். தோற்றத்தை நோக்கின் 'நியரர்' என்பதும் இரட்டை ஒப்பீடே. எனினும் இன்றைய இலக்கணங்கள் அதனைச் செவ்விய வடிவமாகவே கொள்கின்றன.