ஒற்றைத் திறவுகோல்: அடையாள அட்டையிலிருந்து சிங்பாஸ் வரை

சிங்கப்பூரில் அரசின் இணையச் சேவைகளுக்குரிய ஒற்றை நுழைவுமுறையான சிங்பாஸ் 2003இல் அறிமுகமாயிற்று. அதன் வேரை இணைய வரலாற்றில் மட்டும் தேடுதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

1948இல், அவசரகாலத்தின்போது, காலனி அரசு அடையாள அட்டையை வழங்கியது. விடுதலைக்குப்பின் 1966இல் மறுபதிவு நிகழ்ந்தது. அவ்வட்டையின் எண்ணே சிங்பாஸின் பயனர் பெயராயிற்று. முன்பு அதிகாரி முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டார். இணையத்தில் அவ்விடத்தை மறைச்சொல் பெற்றது. 2014இல் 1,560 கணக்குகளில் பிறர் நுழைந்திருக்கக்கூடும் எனத் தெரியவந்தபோது, மறைச்சொல் மட்டும் போதாமை வெளிப்பட்டது. 2015இல் ஈரடுக்குச் சரிபார்ப்பும், 2018இல் கைரேகையை ஏற்கும் கைப்பேசிச் செயலியும், 2020இல் முகச் சரிபார்ப்பும் வந்தன. முகமே மீண்டும் சான்றாயிற்று.

ஆயினும், அட்டையை முதியவர் தாமே நீட்டினார். செயலிக்கோ பலர் பிள்ளைகளின் துணையை நாடுகின்றனர். தம் அடையாளத்தைத் தாமே மெய்ப்பிக்க இயலாதவருக்கும் வழி திறந்திருப்பதே இம்முறையின் வெற்றியை அளக்கும் கோல் எனலாம்.