பட்டினமும் பள்ளியும்: தமிழ்ச் சமணர் குடியிருப்பு வரலாறு

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணியில் அமர்ந்துவிட்டனர். பெற்றோர் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் இருக்கின்றனர். நிலத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு நகரத்திற்குச் சென்றுவிடுவதா, அல்லது ஊரிலேயே தங்குவதா? இவ்வினா புதியதுபோலத் தோன்றினும், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ச் சமணரைத் தொடர்ந்து வருவதே ஆகும்.

தமிழகத்தில் சமணத்தின் மிகப் பழைய சான்றுகள் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் உள்ளன. மாங்குளம், அழகர்மலை, ஆனைமலை, திருப்பரங்குன்றம், கீழவளவு முதலிய இடங்களில் இயற்கைக் குகைகளில் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. மாங்குளத்துக் கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரையும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவாகிய நிகமத்தாரையும் குறிப்பிடுகின்றன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், மதுரைப் பொற்கொல்லர் ஆகியோர் வருகின்றனர். துறவியர் நகரத்தின் உள்ளே வாழவில்லை. நகரத்தை முற்றிலும் விட்டு விலகிவிடவும் இல்லை. தவத்திற்குக் குன்று வேண்டியிருந்தது; அக்குன்றில் படுக்கை வெட்டித் தரவும் துறவியரைப் பேணவும் நகரத்து வணிகரின் பொருள் வேண்டியிருந்தது.

சிலப்பதிகாரமும் இவ்வமைப்பையே காட்டுகிறது. புகார் நகரை விட்டு நீங்கிய கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்த கவுந்தியடிகள், மதுரையை அடைந்ததும் அறவோர் வாழும் புறஞ்சேரியிலேயே தங்கினார். கண்ணகியை ஆய்ச்சியாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்ததும் அங்கேதான்.

கல்வியும் பெருநகரங்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. இன்றைய கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூராகக் கருதப்படும் பாடலியில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலை எழுதி முடித்தார். காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு அது. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் என்னும் சிற்றூரில் கி.பி. 9ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு ஒன்று உள்ளது. 500 மாணாக்கர் கொண்ட ஒரு சாராருக்கும் 400 பேர் கொண்ட மற்றொரு சாராருக்கும் பிணக்கு நேர்ந்தபோது, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிப்பதாக ஊரார் உறுதி கூறியதை அது தெரிவிக்கிறது. பெண் துறவி ஒருவரின் தலைமையில் இத்துணைப் பெரிய கல்விக்கூடம் ஒரு சிற்றூரில் நடந்தது. அதைக் காக்க முன்வந்தவர்கள் அவ்வூர் மக்கள்.

இத்தகைய பள்ளிகளைத் தாங்கிய பொருளாதாரத்திற்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். சமணப் பள்ளிகளுக்கு அளிக்கப்பட்ட இறையிலி நிலமே பள்ளிச்சந்தம். அந்நிலத்தின் விளைச்சலால் விளக்கெரிந்தது, பூசை நடந்தது, துறவியருக்கு உணவு கிடைத்தது. தமிழ்ச் சமணரில் பெரும்பாலோர் உழவுத் தொழிலில் நிலைத்துவிட்ட பிற்காலத்திலும், ஜினாலயமும் நிலமும் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன.

காலப்போக்கில் அரசர் ஆதரவு குறைந்தது. நகரங்களில் சமணரின் செல்வாக்கும் குன்றியது. திருப்பருத்திக்குன்றமாகிய ஜினகாஞ்சியில் 1387இல் விசயநகரப் படைத்தலைவர் இருகப்பர் சங்கீத மண்டபம் எடுப்பித்தார். அத்தகைய பெருமை வாய்ந்த ஜினகாஞ்சியின் மடமே பின்னர் மேல்சித்தாமூருக்கு இடம் மாறியது. மயிலாப்பூரில் கோயில் கொண்டிருந்த நேமிநாதரின் திருவுருவமும், கடல் பெருகிக் கரையை அழித்தபோது, சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்று மரபு கூறுகிறது. செஞ்சிப் பகுதியில் சமணருக்கு நேர்ந்த கொடுமையையும், தாயனூர்க் காங்கேய உடையார் துணைநின்றதையும், வீரசேனாசாரியரின் அறப்பணியையும் செவிவழிச் செய்திகள் இன்றும் நினைவூட்டுகின்றன. நகரம் கைவிட்ட காலத்தில் திருமடத்திற்கும் திருவுருவத்திற்கும் அடைக்கலம் தந்தவை சிற்றூர்களே.

அடைக்கலம் தந்ததோடு அவ்வூர்களின் தொண்டு முடிந்துவிடவில்லை. சீவக சிந்தாமணியின் வரலாறு இதற்குச் சான்று. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது அந்நூலை ஆராயத் தொடங்கினார். சமண சமயச் செய்திகள் பல அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் சிந்தாமணி வழிவழியாகப் படிக்கப்பட்டும் பொருள் கூறப்பட்டும் வந்தது. ஐயம் தீர்ந்ததும் அங்கேதான். 1887இல் நூல் சென்னையில் அச்சேறியது. பொருளை மறவாமல் காத்தது சிறு நகரத்துச் சமணர் இல்லம். அதைத் தமிழுலகம் முழுவதற்கும் கொண்டுசேர்த்தது பெருநகரத்து அச்சுக்கூடம். இரண்டில் ஒன்று இல்லாதிருப்பின் சிந்தாமணி இவ்வாறு வெளிப்பட்டிராது.

20ஆம் நூற்றாண்டில் குடியிருப்பின் திசை மீண்டும் திரும்பியது. கல்வி கற்ற தலைமுறை ஆசிரியராகவும் அரசு அலுவலராகவும் பொறியாளராகவும் பணியேற்று, முதலில் வட்டத் தலைநகர்களுக்கும் பின்னர் சென்னைக்கும் பெயர்ந்தது. இதனைப் பேராசை என்று பழிப்பது நேர்மையாகாது. பங்கு பிரியப் பிரிய நிலம் சுருங்கியது. ஏரிப் பாசனம் மழையை நம்பி நின்றது. மேற்படிப்புக்கும் மருத்துவத்திற்கும் ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நகரவாழ்வு அறத்திற்கு உதவியதும் உண்டு. ஜீவபந்து டி.எஸ். ஸ்ரீபால் முதலியோர் உயிர்ப்பலிக்கு எதிராக நாடறியக் குரல் எழுப்பினர். 1950இல் சென்னை மாநிலத்தில் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ஓர் ஊரின் எல்லைக்குள் நின்றுவிடும் குரலால் இது கைகூடியிராது.

ஆயினும் இழப்பும் சிறிதன்று. சிற்றூரில் அறவொழுக்கம் அன்றாட வாழ்வோடு இயைந்திருந்தது. கிணற்று நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்பதும் அங்கே முயற்சி வேண்டாத வழக்கங்கள். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நகரத்து ஊழியருக்கோ அவை நாள்தோறும் மேற்கொள்ள வேண்டிய நோன்புகளாகிவிட்டன. திகம்பர முனிவர் நாளுக்கு ஒருவேளை, நின்றவாறு, கையில் ஏற்றே உணவு கொள்வர். அவ்வாறு ஆகாரதானம் அளிக்க முறையறிந்த இல்லம் வேண்டும். அம்முறையைப் பிள்ளைகள் பார்த்தே பழகினர். மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணத்தைப் படித்துப் பொருள் சொல்லும் முதியோரும் பெரும்பாலும் ஊர்களில்தான் உள்ளனர். நாள்தோறும் அபிடேகம் செய்யும் உபாத்தியாயர் ஒருவரும், அவரைத் தாங்கும் சில குடும்பங்களும் இருக்கும்வரைதான் ஜினாலயத்தின் கதவு திறந்திருக்கும். குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெயரும்போது, எஞ்சியிருப்போர்மேல் அச்சுமை ஏறிக்கொண்டே போகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய சமணரும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர். இத்தொகையில் ஒரு பகுதியினரே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பழங்குடிச் சமணர். இத்துணைச் சிறிய சமுதாயத்தில் ஓர் ஊரின் ஜினாலயம் பூட்டப்படுவது அவ்வூரின் இழப்பு மட்டுமன்று.

திரும்பிப் பார்ப்போருக்கு வரலாறு ஒரு வழியைக் காட்டுகிறது. குன்றில் வாழ்ந்த துறவியரை மதுரை வணிகர் பேணினர். அவர்கள் எல்லோரும் குன்றில் குடியேறிவிடவில்லை. வேடலின் கல்விக்கூடத்தை ஊரார் காத்தனர். எங்கே வாழ்ந்தாலும் ஒரு பள்ளியைத் தமக்குரிய பொறுப்பாகக் கொண்டதே அம்முன்னோர் அனைவருக்கும் பொது. அண்மைக் காலத்திலும் இது நிகழ்ந்துள்ளது. குந்தவை ஜினாலயமும் மலைமேல் ஓங்கி நிற்கும் நேமிநாதர் திருவுருவமும் விளங்கும் திருமலையில் 1998இல் அரகந்தகிரி மடம் நிறுவப்பட்டது. ஒரு சிற்றூர் மீண்டும் கல்விக்கும் அறத்திற்கும் நிலைக்களமாக இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

ஆகவே நகரத்திற்குச் செல்லும் குடும்பம் ஊரைத் துறக்க வேண்டியதில்லை. நிலம் விற்கப்படும்போது அதன் விலையில் ஒரு பங்கை ஊர் ஜினாலயத்தின் நிரந்தர வைப்பாக ஆக்குவது இக்காலத்துப் பள்ளிச்சந்தமாகும். ஒவ்வொரு குலமும் ஆண்டில் சில நாள் பூசைப் பொறுப்பை ஏற்று நேரில் வந்து நடத்தலாம். உபாத்தியாயரின் ஊதியத்தை வெளியூர்க் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி, முதியோரிடம் ஸ்ரீபுராணம் கேட்கச் செய்யலாம். ஊரில் தங்குவோருக்கும் கடமை உண்டு. நகரத்தில் பிறந்த பிள்ளை வழிபாட்டு முறையறியாது ஜினாலய வாயிலில் தயங்கி நிற்கும்போது, குறை கூறாமல் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வதே அக்கடமை.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமணம் இல்லறத்தாருக்கு விதித்துள்ளது. ஔடதமும் கல்வியும் இன்று நகரத்தில் எளிதில் கிடைக்கின்றன. முறைவழுவாத ஆகாரதானமும் வழிவழி வந்த சாத்திரக் கேள்வியும் இன்னும் ஊரில் எஞ்சியுள்ளன. ஒன்றில் உள்ளதை மற்றொன்றுக்கு வழங்கும்வரை, எவ்விடத்தில் வாழ்வது என்பதை அவரவர் தொழிலும் வசதியும் முடிவு செய்யட்டும். ஊர் ஜினாலயத்தில் விளக்கேற்றுவது யார் என்பதைக் குடும்பங்கள் கூடி முடிவு செய்யட்டும்.