ஹார்லெம் பட்டாளத்தின் இரும்புத் தொப்பி

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய போர்களை, அன்றைய உடுப்போடும் ஆயுதத்தோடும் நடித்துக் காட்டுகிற வழக்கம் இருக்கிறது. நம்ம ஊர்க் கூத்தில் வேஷம் கட்டுகிற மாதிரிதான். ஆனால் ஜிகினா ஒட்டினால் போதும் என்று அவர்கள் விடுவதில்லை. பொத்தான் எந்த வருசத்துப் பொத்தான் என்பதுவரை பார்ப்பார்கள். அப்படிக் கட்டுகிற வேஷங்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதல் உலகப் போரில் சண்டையிட்ட 369ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், 'ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்' என்று பேர் வாங்கிய நியூயார்க் கறுப்பர் பட்டாளம்.

1918 கோடையில் பதுங்குகுழியில் நின்ற 369ஆம் படைச் சிப்பாயாக நிற்க வேண்டுமானால் ஒரு நாட்டு உடுப்பு போதாது. உடம்பில் அமெரிக்க ராணுவத்தின் பச்சை கலந்த காக்கிக் கம்பளிச் சட்டை. முழங்காலுக்குக் கீழே சுற்றுகிற துணிப்பட்டியும் அமெரிக்காதான். தலைக்குப் போனால் பிரான்ஸ். பிரெஞ்சு ராணுவம் 1915இல் கொண்டுவந்த அட்ரியன் இரும்புத் தொப்பி. உச்சியில் கொண்டை மாதிரி ஒரு முகடு, நெற்றியில் தீப்பிழம்பு கக்கும் குண்டுச் சின்னம். இடுப்பில் பிரெஞ்சுத் தோல் பெல்ட், தோல் தோட்டாப் பை. கையில் பிரெஞ்சுத் துப்பாக்கி. கவிழ்த்த தட்டு மாதிரி மற்ற அமெரிக்கச் சிப்பாய்கள் போட்ட தொப்பியை இவன் தலையில் வைத்தால் உடுப்பு பொருந்தித்தான் இருக்கும். ஆனால் நடந்தது என்ன என்பது மறைந்துபோகும்.

நடந்தது இதுதான். 1916இல் நியூயார்க் தேசியக் காவல்படையின் 15ஆம் ரெஜிமெண்டாக இந்தப் பட்டாளம் அமைந்தது. துப்பாக்கி கொடுக்க ஆளில்லை. துடைப்பக் கட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு கவாத்து பழகினார்கள். 1917 அக்டோபரில் பயிற்சிக்காகத் தெற்குக் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்குக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டாளத்தின் பாட்டுக்காரர் நோபல் சிஸ்ஸில், பத்திரிகை வாங்க ஒரு ஓட்டலுக்குள் போனார். உள்ளே வந்தும் தொப்பியைக் கழற்றவில்லை என்று ஓட்டல்காரன் அந்த ராணுவத் தொப்பியைத் தலையிலிருந்து தட்டிவிட்டான். குனிந்து எடுக்கப் போனவரை அடித்தான், உதைத்தான்.

இதைப் படித்தபோது எனக்கு ஓட்டல் ஞாபகம் வரவில்லை. எங்க ஊர்த்தெரு முனைதான் வந்தது. அம்மாவைப் பெத்த தாத்தா இரண்டாம் உலகப் போர்ப் பட்டாளத்தில் இருந்தவர். லீவில் வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஊர்த்தெரு முனைவரைக்கும் டக்கு டக்குனு பூட்ஸ் சத்தம் கேட்குமாம். அப்புறம் கேட்காது. கழட்டிக் கையில் எடுத்துக்கொள்வார். சேரி வந்ததும் திரும்ப மாட்டிக்கொள்வார். "ஏம்ப்பா கழட்டுனே?"ன்னு அம்மா சின்னப் பிள்ளையில் கேட்டதுக்கு, "மண்ணு ஒட்டிக்கும்மா"ன்னு சொன்னாராம். சேரியில் மட்டும் மண் ஒட்டாதா என்று அம்மா மறுபடி கேட்கவில்லை.

சரி, பிரான்சுக்கு வருவோம். சண்டை போட வந்தவர்களை செயின்ட் நசேர் துறைமுகத்தில் மூட்டை இறக்கவும் ரயில் பாதை போடவும் விட்டார்கள். வெள்ளைச் சிப்பாய்களோடு ஒரே வரிசையில் கறுப்பரை நிறுத்த அமெரிக்கத் தளபதிகளுக்கு மனசில்லை. நான்கு வருசமாக ஆள் செத்துக்கொண்டிருந்த பிரான்சு ஆள் கேட்டது. 1918 மார்ச்சில் தளபதி பெர்ஷிங் இவர்களைத் தூக்கி பிரெஞ்சு ராணுவத்திடம் கொடுத்துவிட்டார். அமெரிக்கத் துப்பாக்கியையும் பெல்ட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த இரும்புத் தொப்பி தலைக்கு வந்த கதை இவ்வளவுதான். இவர்கள் சேர்ந்திருந்த 93ஆம் டிவிஷன் பின்னால் அந்த நீலத் தொப்பியையே தன் தோள் சின்னமாக வைத்துக்கொண்டது.

அதோடும் விடவில்லை. 1918 ஆகஸ்டில் அமெரிக்கப் படையோடு தொடர்பு வேலை பார்த்த கர்னல் லினார் என்ற பிரெஞ்சு அதிகாரி பெயரில் ஒரு ரகசியக் குறிப்பு போனது. கறுப்பு அதிகாரிகளோடு சேர்ந்து சாப்பிடாதீர்கள், கைகுலுக்காதீர்கள், வேலைக்கு வெளியே பழகாதீர்கள், அமெரிக்கர்கள் மனம் நோகும் என்று பிரெஞ்சு அதிகாரிகளுக்குப் புத்தி சொல்கிற குறிப்பு. சேர்ந்து உண்ணாமை, தொடாமை. நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கலப்பு உடுப்பு ஓர் உயிரையே வாங்கப் பார்த்தது. 1918 மே மாதம் 14ஆம் தேதி விடிந்தால் 15; அந்த இரவில் ஹென்றி ஜான்சன், நீடம் ராபர்ட்ஸ் என்ற இருவர் காவல். ஜெர்மானியர் கூட்டமாக வந்து விழுந்தார்கள். பிரெஞ்சுத் துப்பாக்கிக்குள் ஜான்சன் அவசரத்தில் அமெரிக்கத் தோட்டா கிளிப்பைத் திணிக்க, துப்பாக்கி இறுகிக்கொண்டது. கட்டையைத் திருப்பிப் பிடித்து அடித்தார். கட்டை உடைந்ததும் போலோ கத்தியை உருவினார். இழுத்துக்கொண்டு போன ராபர்ட்ஸை மீட்டார். உடம்பில் 21 காயம். பிரான்சு தன் வீரப் பதக்கமான குருவா தெ கேர் கொடுத்தது. சொந்த நாடு ஒன்றும் கொடுக்கவில்லை.

மொத்தம் 191 நாள் போர்முனையில் நின்ற ரெஜிமெண்ட் இது. வேறெந்த அமெரிக்க ரெஜிமெண்டும் அவ்வளவு நாள் நிற்கவில்லை. 1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் அணிவகுத்து ஹார்லெம் போய்ச் சேர்ந்தார்கள். அதே வருசம் ஜான்சன் செயின்ட் லூயிஸ் மேடையில், கறுப்பரோடு ஒரே பதுங்குகுழியில் நிற்க மறுத்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றிப் பேசிவிட்டார். அப்புறம் அவர்மேல் பிடிவாரண்டு. குற்றம் என்ன தெரியுமா? கெடு முடிந்த பிறகும் ராணுவ உடுப்பு போட்டிருந்தாராம்! காயத்தோடும் வறுமையோடும் 1929இல் செத்துப்போனார்.

லினார் குறிப்பை 1919 மே மாதம் 'கிரைசிஸ்' பத்திரிகையில் அச்சிட்டு அம்பலப்படுத்தியவர் டு பாய்ஸ். அந்த டு பாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டு. சுபேதார் ராம்ஜியின் மகன் அவர். பட்டாளத்து உடுப்பு வீட்டுக்கு என்ன கொண்டுவரும், எதைக் கொண்டுவராது என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்? அதே 1946 பிப்ரவரியில் ஐசக் உட்டர்ட் என்ற கறுப்பு சார்ஜெண்ட், பட்டாளத்திலிருந்து விடுதலையாகி உடுப்போடு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதே தெற்குக் கரோலினாவில் போலீஸ் தடியால் அடித்து அவர் இரண்டு கண்ணையும் குருடாக்கியது. அடித்த அதிகாரியை வெள்ளை ஜூரி விடுதலை செய்தது.

ஜான்சனுக்கு அமெரிக்காவின் உயர்ந்த பதக்கம் 2015இல் வந்தது, செத்து 86 வருசம் கழித்து. 2023இல் லூசியானாவில் ஒரு ராணுவ முகாமுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதுவரை அந்த முகாமுக்கு இருந்தது, அடிமைகளை வைத்திருந்த தென்மாநிலத் தளபதி லியோனிடாஸ் போல்க்கின் பெயர். 2025இல் ஜான்சன் பெயரை எடுத்துவிட்டு மறுபடி 'போல்க்' ஆக்கினார்கள். கேட்டால், இது வேறு போல்க் என்றார்கள்.

வேஷம் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தத் தொப்பியைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வருகிற பிள்ளைகளில் ஒன்றாவது, "அமெரிக்கச் சட்டைக்கு ஏன் பிரெஞ்சுத் தொப்பி?" என்று கேட்கும். மண்ணு ஒட்டிக்கும்னு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.