மூணாற்று மலையில் சிற்றாற்றல் வானொலி

கம்பியில்லாத் தந்தியின் வரலாறு கூறுவோர், 1895இல் கல்கத்தாவில் மின்காந்த அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்த சகதீச சந்திர போஸிடம் தொடங்கி, வானளாவிய ஒலிபரப்புக் கோபுரங்கள் வரை செல்வர். ஆற்றலைப் பெருக்கிய அவ்வரலாற்றின் பக்கத்திலேயே, ஆற்றலைச் சுருக்கிச் சுருக்கி வளர்ந்த கிளையொன்றும் உண்டு. தோட்டத் தமிழர் இடம்பெறுவது இக்கிளையிலேதான்.

அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் பிஸ்டர், 1990களின் பிற்பகுதியில், தூசியளவுக்குச் சிறுத்த உணர்கருவிகளைப் பரப்பி அவற்றைத் தம்முள் பேசச் செய்யலாம் என்றார். ஆய்வுக்குப் பணம் தந்தது படைத்துறை. எனினும் தொடக்கச் சோதனைகளுள் ஒன்று பறவைகளைப் பற்றியது. 2002இல் மேய்ன் கடலோரத்துக் கிரேட் டக் தீவில், கடற்பறவைகள் முட்டையிடும் வளைகளிலும் அவற்றைச் சுற்றியும் 32 கருவிகள் வைக்கப்பட்டன. மறு ஆண்டு இத்தகைய கருவிகளுக்குரிய 802.15.4 என்னும் பொதுநெறி வெளிவந்தது.

சிறு பாட்டரியில் இவை மாதக்கணக்கில் இயங்குவது எங்ஙனம்? உறக்கத்தால் என்க. எங்கள் நெகிரி செம்பிலான் தோட்டப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, அவர்தம் பாட்டனார் நின்ற பெரட்டுக்களத்தை உவமை காட்டுவேன். பெயர் கூப்பிட்டதும் ஒரு சொல் சொல்லி அடங்குபவனுக்குத் தொண்டை வற்றாது. (நாள் முழுதும் கத்தும் தண்டலின் பாடு வேறு!) கருவியும் பெரும்பொழுது உறங்கி, குறித்த நொடியில் விழித்து, அளந்ததைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கும். அதன் குரல் நெடுந்தொலைவு எட்டாதாயினும், அடுத்த கருவி அதை வாங்கி அதற்கடுத்ததற்குக் கடத்தும்.

இனி மூணாறு. மலாயாவுக்குக் கப்பலேறியோரைப் போலவே அத்தேயிலை மலைக்கும் தமிழர் கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டனர். 2005இல் அங்கு அந்தோணியார் காலனியில் மண் சரிந்தது. அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா இரமேஷ் குழுவினர் அச்சரிவிலேயே துளையிட்டு உணர்கருவிகளைப் புதைத்து, 2008 அளவில் காவலமைத்தனர். மழைநீர் மண்ணின் நுண்துளைகளில் நிரம்ப நிரம்ப அங்கே நீரழுத்தம் உயரும், மண்துகள்களுக்கிடையே பிடிப்புத் தளரும், சரிவு வழுக்கும். அவ்வழுத்தத்தையும் சாய்வையும் அதிர்வையும் கருவிகள் அளந்து சொல்ல, அச்செய்தி செயற்கைக்கோள் வழியே கொல்லம் மாவட்டத்து ஆய்வகத்தை அடைந்தது. 2009 ஜூலைப் பெருமழையில் மக்களுக்கு முன்னெச்சரிக்கை விடப்பட்டது. இத்துறை வரலாற்றில் பெர்க்கிலிக்குத் தரும் இடத்தை அந்தோணியார் காலனிக்கும் தரவேண்டும் என்பது என் எண்ணம்.

அதே மலைப்பகுதியைச் சேர்ந்த பெட்டிமுடிக்கு அக்காவல் வாய்க்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர்; அவர்களுள் பலர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமாவர். மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், வெளியூருக்குச் செய்தி எட்டியது மறுநாட் காலையில்தான். கருவி இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பர் என்று அடித்துக் கூறவியலாது. ஆனால் மின்கம்பி அறுந்த பின்னும் பேசவல்ல வானொலி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அம்மலையின் மற்றொரு சரிவில் நிறுவப்பட்டிருந்தது.